எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சையும் உயிர்ச்சத்துக் குறைபாடும்

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை என்பது இரைப்பையைச் சிறிதாக்கியோ, சிறுகுடலின் ஒரு பகுதிக்குள் உணவு செல்லாதவாறு மாற்றியோ உடல் எடையைக் குறைக்கும் மருத்துவ முறையாகும். இச்சிகிச்சை பெற்றவர்கள் வாழ்நாள் முழுவதும் உயிர்ச்சத்து மாத்திரைகளை உட்கொள்ள வேண்டும் என்பது இன்றைய விதி. இவ்விதி தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டதன்று. முதல் தலைமுறை நோயாளிகள் அடைந்த உடல்நலக் கேட்டிலிருந்து சிறிது சிறிதாக உருவானது.

குடல் மாற்றுவழி

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஆர்னால்டு கிரெமன், ஜான் லின்னர் உள்ளிட்டோர், சிறுகுடலின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஊட்டத்தை உறிஞ்சும் விதத்தை நாய்களில் ஆராய்ந்து வெளியிட்டனர். குடலின் பெரும்பகுதியை ஒதுக்கினால் எடை குறையும் என்ற எண்ணம் இதன் பின் வலுப்பெற்றது. 1969இல் பெயின், டிவிண்டு ஆகிய மருத்துவர்கள் விவரித்த முறையில், நடுச்சிறுகுடலின் முதல் 35 செ.மீ. பகுதி, பின்சிறுகுடலின் கடைசி 10 செ.மீ. பகுதியுடன் இணைக்கப்பட்டது. பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் அரை மீட்டருக்கும் குறைவாகவே உணவு கடந்து சென்றது.

எடை குறைந்தது. கூடவே தீராத வயிற்றுப்போக்கு, உயிர்ச்சத்துக் குறைபாடு, எலும்பு மெலிவு, சிறுநீரகக் கற்கள், கல்லீரல் செயலிழப்பு ஆகியவையும் வந்தன. பலருக்கு மீண்டும் அறுவை செய்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. 1980களில் இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது.

இரைப்பை மாற்றுவழி

ஐயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், சிக்காசி இட்டோ ஆகியோர் 1967இல் இரைப்பை மாற்றுவழி முறையை வெளியிட்டனர். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் மெலிவதைக் கண்டதே இதற்கு அடிப்படை. அதே நோயாளிகளிடம் இரத்தசோகையும் காணப்பட்டது முன்பே அறியப்பட்டிருந்தது. புதிய முறையிலும் அது தொடர்ந்தது. இரும்புச்சத்தும் கால்சியமும் மிகுதியாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை உணவு தொடுவதில்லை. பி12 உறிஞ்சப்படுவதற்கு இரைப்பையில் சுரக்கும் அமிலமும் ஒரு புரதமும் தேவை. அவையும் உணவுடன் சரிவரக் கலப்பதில்லை.

குறைபாடு வெளிப்படும் காலம்

எல்லாச் சத்துகளும் ஒரே நேரத்தில் குறைவதில்லை. தயமின் எனப்படும் பி1 உடலில் சில வாரங்களுக்கே இருப்பில் இருக்கும். அறுவைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்குச் சில மாதங்களுக்குள்ளேயே பார்வைத் தடுமாற்றம், நடைத் தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவை தோன்றலாம். கார்ல் வெர்னிக்கி 1881இல் விவரித்த மூளை நோயே இது. மாறாக, பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆகவே எடை குறைந்து, நலமாக உணர்ந்து, மருத்துவமனைக்குச் செல்வதையும் மாத்திரைகளையும் நோயாளி நிறுத்திவிட்ட பிறகே அதன் குறைபாடு வெளிப்படுகிறது. கை கால் மரத்துப்போதல் அதன் அறிகுறிகளுள் ஒன்று. தாமதமாகக் கண்டறியப்பட்டால் நரம்புச் சேதம் முழுமையாகச் சீராகாமல் போகலாம்.

வழிகாட்டுதல்கள்

1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, இந்நோயாளிகளுக்கு வாழ்நாள் மருத்துவக் கண்காணிப்பு தேவை என்று அறிவித்தது. அந்நாட்டு எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கம் 2008இல் ஊட்டச்சத்து வழிகாட்டுதலை வெளியிட்டு, 2016இல் அதைத் திருத்தியது. அதன்படி பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மி.கி. கால்சியம் தேவை. கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் இரண்டையும் வெவ்வேறு வேளைகளில் உட்கொள்ள வேண்டும்.

இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் முறை, இரைப்பையைக் குழாய் வடிவில் குறுக்குவதாகும். இதில் குடல் தொடப்படுவதில்லை. எனினும் இரும்பு, பி12, தயமின் குறைபாடுகள் இதிலும் ஏற்படுகின்றன. எனவே எம்முறையில் சிகிச்சை பெற்றிருந்தாலும், எடை சீரான பின்னரும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியமாகிறது.