லயம் என்னும் சொல்

'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், ஆளிச்செடியைக் குறிக்கும் 'லீனும்' என்ற இலத்தீன் பெயராகும். அச்செடியின் நார் நூலாயிற்று, நூல் கோடாயிற்று. பின்னர் எழுத்தின் வரி, இருப்புப்பாதை, கப்பல் வழி, தொலைபேசி இணைப்பு எனப் பொருள் விரிந்தது. படை முகாமில் அது குடில்களின் வரிசை.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்புக்கும் அதுவே பெயராகி, நம்மவர் நாவில் 'லயம்' ஆனது. இலங்கை மலையகத்திலும் இதே சொல்தான். இசைவாணர் அறிந்த லயம் வேறு. வீட்டுக்குப் பெயரிடாது வரிசைக்குப் பெயரிட்ட சொல் இது என்பதை நாம் கருதுதல் வேண்டும். தமிழில் வரிசை என்பது மரியாதையையும் குறிக்கும். இவ்வரிசையில் அதற்கு இடமிருக்கவில்லை.

1910இல் ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் நீக்கப்பட்டது, லயம் நீங்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பின்னரும், அங்குப் பிறந்த முதியோர் தம் பிறந்தகத்தை 'லயத்து வீடு' என்றே சொல்கின்றனர். 'வீடு' என்பது அவர்களே சேர்த்தது.