விதைக்கு எடுத்து வைத்தது

செஞ்சியைப் பார்க்கப் போகிறவர்கள் ராஜகிரி ஏறி இறங்கியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நான் தேசூர்ப் பக்கம் உள்ள சீயமங்கலத்துக்கும் போனேன். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில் அங்கே இருக்கிறது. தூண்களில் உள்ள சிங்கங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நல்ல பசி. ஒரு திண்ணையில் பாட்டி ஒருத்தி மணிலாக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு முறங்கள். பேச்சுக் கொடுத்தபடியே, பருமனான பருப்பு இருந்த முறத்தில் கை வைத்தேன்.

"அது வெதைங்க ஐயா! திங்கறதுக்கு இது" என்று மற்ற முறத்தை நகர்த்தினாள். அதில் இருந்தவை சுருங்கலும் தோல் உரிந்ததும்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு முறங்களுக்கும் நடுவே கோட்டைகளைவிடப் பழைய சரித்திரம் ஒன்று இருக்கிறது.

மணிலா என்ற பெயர் பிலிப்பைன்ஸைக் காட்டினாலும் வேர்க்கடலையின் பிறந்தகம் தென் அமெரிக்கா. அங்கே இரண்டு காட்டுச் செடிகள் கலந்து பிறந்தது அது. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்நாட்டுக் குடியானவர்கள் நல்லதை விதைக்கு வைத்து, மற்றதைத் தின்று, காட்டுக் கடலையைக் கொல்லைக் கடலையாக்கினார்கள். மகேந்திரவர்மன் இதைக் கண்டதில்லை. செஞ்சியை 1677-ல் சிவாஜி பிடித்தார், 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மணிலா மட்டும் தங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சு தேசத்து மார்சேல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. கோட்டை செய்யாததைக் கொட்டை செய்தது!

1859-ல் வெளிவந்த தமது பெரிய நூலை டார்வின் வளர்ப்புப் பிராணிகளையும் பயிர்களையும் கொண்டே தொடங்கினார். திட்டமிட்டுப் பொறுக்குவது ஒரு வகை. நல்லதை வைத்துக்கொள்வோம் என்று மட்டும் நினைத்து, தன்னையறியாமலே இனத்தை மாற்றிவிடுவது மற்றொரு வகை என்றார். பாட்டி இரண்டாவது வகை. முதல் வகைக்கும் தூரம் போக வேண்டாம், பக்கத்திலே திண்டிவனம். அங்குள்ள ஆராய்ச்சிப் பண்ணையில் குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கிச் சேர்த்து, 1940-ல் டி.எம்.வி. 2 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 105 நாளில் அறுவடை. கடலைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், பொறுக்கிய குணம் எளிதில் கலைவதில்லை.

பொறுக்குவதில் நஷ்டமும் உண்டு. கொடிக் கடலை மண்ணுக்குள் கொஞ்ச காலம் உறங்கும். கொத்துக் கடலைக்கு அந்த உறக்கம் இல்லை. முற்றிய வேளையில் மழை பிடித்துக்கொண்டால் கொல்லையிலேயே முளைத்துவிடும். சீக்கிரம் விளைய வேண்டும் என்று நாம் கேட்டோம். அதற்கு விலை தூக்கம்.

இன்னொரு தொல்லை. ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ பருப்பு விதைக்கே வேண்டும். கஷ்டம் வந்த வீட்டில் கண் முதலில் போவது அந்த மூட்டை மேல்தான்.

"போன வருஷம் எம் மவன் கடனுக்கு வெதையெ வித்துட்டான்" என்றாள் பாட்டி. "கடையிலே வாங்கிப் போட்டோம். பாதி மொளைக்கல. வெளைஞ்சதும் மூட்டையெ நான் பிடிச்சுக்கிட்டேன். ஆறு மாசமா அவன் என்கிட்ட சரியாப் பேசறதில்ல."

"வருத்தமாக இல்லையா, பாட்டி?"

"மழை பேயட்டும். மொளைச்சா பேசுவான்."

அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. சுருங்கல் பருப்பில் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். அவளும் அதே முறத்திலிருந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த கொட்டையை உடைத்தாள். நல்ல பருப்பு. இடது முறத்தில் போட்டாள்.