ஒலிப்பதிவு கற்கத் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியவை

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள முதலமடை, மாந்தோப்புகளுக்கும் ஆலமரங்கள் நிழல் பரப்பும் ரயில் நிலையத்துக்கும் பெயர் பெற்ற ஊராகும். இங்கு ஒலிப்பதிவைத் தொழிலாகக் கற்க விரும்பும் இளைஞர், எந்த மைக் வாங்கலாம் என்ற கேள்வியுடனேயே பெரும்பாலும் தொடங்குகிறார். அதற்கு முன், எந்த அறையில், எந்த நேரத்தில் பதிவு செய்வது என்பதை அவர் முடிவு செய்தாக வேண்டும்.

நாள்தோறும் கேட்டுப் பழகிய ஓசைகளை மனிதக் காது ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று, மின்விசிறியின் இரைச்சல், தொலைவில் செல்லும் ரயில் என அனைத்தும் பாடலுடன் சேர்ந்தே பதிவாகும். எனவே முதல் பயிற்சியாக, ஆளில்லாத அறையின் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் கேட்பது நல்லது. கைதட்டினால் வெற்றுச் சுவர்கள் எதிரொலிப்பதும் அப்போது தெரியவரும். கனமான பஞ்சு மெத்தை, துணிகள் நிறைந்த அலமாரி, தடித்த கம்பளி ஆகியவை எதிரொலியை ஓரளவு குறைக்கும். சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அதனால் பெரிய பயனில்லை, வெளி இரைச்சலை அது தடுப்பதும் இல்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, தொடக்கத்துக்கு ஒரு மைக், அதைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்பேஸ், காதை முழுமையாக மூடும் ஹெட்போன் ஆகிய மூன்றும் போதுமானவை. டைனமிக் வகை மைக் உறுதியானது. அறை சரியாக அமையாத இடத்தில் கைகொடுக்கும். கண்டென்சர் வகை நுண்ணிய ஒலிகளையும் ஈர்க்கும். அது இயங்கப் பொதுவாக 48 வோல்ட் மின்னழுத்தத்தை இன்டர்பேஸ் வழங்க வேண்டும். பாடுபவர் மைக்கிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. தொலைவில் நிற்கலாம். இத்தொலைவு இருமடங்கானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலி பெரிதாகக் குறையாது. வீட்டில் பதிவான குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒலி அளவு எனும் முதல் சோதனை

தொடக்க நிலையில் நிகழும் பெரும் பிழை, ஒலி அளவை அதிகமாக வைப்பதாகும். டிஜிட்டல் பதிவில் பூஜ்ய டெசிபல் என்பது இறுதி எல்லை. அதைத் தாண்டும் ஒலி துண்டிக்கப்பட்டு, கரகரப்பாக மாறும். பின்னர் எந்த மென்பொருளாலும் அதை முழுமையாக மீட்க இயலாது. 24 பிட் பதிவில், உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருந்தாலே போதும். மெலிதாகப் பதிவானதைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம்.

நெம்மாறை – வல்லங்கி வேலையில் முழங்கும் பஞ்சவாத்தியம் இதற்குச் சிறந்த பாடம். திமிலை, மத்தளம், இலத்தாளம், இடக்கை, கொம்பு ஆகியவை நிதானமாகத் தொடங்கிப் படிப்படியாக வேகமும் முழக்கமும் ஏறுகின்றன. தொடக்கத்தைக் கேட்டு அளவை அமைப்பவர், உச்சகட்டத்தை இழந்துவிடுவார்.

பாலக்காட்டு மிருதங்க மேதை மணி ஐயர் (1912–1981), கச்சேரிகளில் மைக் வைப்பதை விரும்பாதவர் என அறியப்பட்டவர். மைக்கை நம்பியே வாழப் போகிறவர்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆயினும் மிருதங்கத்தின் இயல்பான நாதத்தை அருகில் அமர்ந்து கேட்காதவர், மைக்கை எங்கு வைப்பது என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பார்?

முதலமடை ஊராட்சிக்கு உட்பட்ட பரம்பிக்குளம் வனப்பகுதியில் காடர், மலசர் உள்ளிட்ட பழங்குடியினர் வாழ்கின்றனர். எழுத்தில் இல்லாத அவர்களது பாடல்கள் முதியோரின் நினைவில்தான் உள்ளன. இதே மாவட்டத்தின் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மா, 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை 2022-இல் வென்றார். அத்தகைய ஒரு மூதாட்டி ஒருமுறை பாடித் தரும்போது அளவு பிசகினால், மறுமுறை அவர் பாடுவார் என்ற உறுதியில்லை. பதிவுக்கு முன் அவரது ஒப்புதலைப் பெறுவதும், பதிவு எங்கு பயன்படும் என்பதைத் தெரிவிப்பதும் கட்டாயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துவோரின் உரிமைக்கு 50 ஆண்டுகள் பாதுகாப்பு அளிக்கிறது.

முறையாகப் பயில விரும்புவோருக்குச் சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும், கோட்டயம் மாவட்டத்தில் கே.ஆர்.நாராயணன் நிறுவனமும் ஒலிப்பதிவுப் படிப்புகளை வழங்குகின்றன. 2009-இல் ஆஸ்கர் விருது பெற்ற கேரளத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி, புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். சேர்க்கைக்குக் காத்திருக்கும் காலத்தில் வாரம் ஒரு பதிவு செய்து, தேதி, இடம், மைக் வைத்த தொலைவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். மூலக் கோப்பின் நகலை வேறொரு வன்தட்டில் அன்றே சேமித்துவிட வேண்டும்.