காது மந்தமானால் நினைவும் மங்குமா?

“பாட்டிக்கு எல்லாம் மறந்து போகிறது” என்று பிள்ளைகள் கவலைப்படும் பல வீடுகளில், சொன்னது பாட்டியின் காதில் சரியாக விழுந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. காதில் விழாத ஒன்றை எப்படி நினைவில் வைத்திருக்க முடியும்? எளிமையான இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் கவனம் செலுத்த நெடுங்காலம் ஆனது.

1901-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், கடுமையான மறதியோடும் மனக்குழப்பத்தோடும் 51 வயதுப் பெண் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1906-இல் அவர் இறந்த பிறகு, டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் அவருடைய மூளையை ஆராய்ந்து, தாம் கண்டதை அதே ஆண்டில் மருத்துவர்கள் முன் எடுத்துரைத்தார். 1910-இல் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரே சூட்டப்பட்டது. அதன்பின் ஆய்வுகள் பெரும்பாலும் மூளைக்குள்ளேயே நடந்தன. காதும் கண்ணும் வேறு மருத்துவர்களின் வேலையாகிவிட்டன.

திருப்புமுனையான ஆய்வுகள்

1989-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகர ஆய்வாளர்கள், மறதி நோய் உள்ள 100 பேரையும் இல்லாத 100 பேரையும் ஒப்பிட்டனர். நோய் உள்ளவர்களிடம் செவித்திறன் குறைவு அதிகமாகக் காணப்பட்டது.

1994-இல் வெளிவந்த பெர்லின் ஆய்வில் 70 முதல் 103 வயது வரையிலான 156 பேர் சோதிக்கப்பட்டனர். வயதுக்கு ஏற்ப அறிவுத்திறனில் தெரிந்த வேறுபாட்டில் மிகப் பெரும் பகுதி, பார்வை, செவித்திறன் குறைவோடு இணைந்தே இருந்தது.

எது முதலில் வந்தது? பால்டிமோர் நகரில் மறதி நோய் இல்லாத 639 பேரை ஏறக்குறைய 12 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. செவித்திறன் இலேசாகக் குறைந்தவர்களுக்கு நோய் வரும் சாத்தியம் சுமார் இரண்டு மடங்கு. நடுத்தரமாகக் குறைந்தவர்களுக்கு மூன்று மடங்கு. கடுமையாகக் குறைந்தவர்களுக்கு ஐந்து மடங்கு.

காரணம் என்ன?

மூன்று விளக்கங்கள் கூறப்படுகின்றன. தெளிவில்லாத ஒலியைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பதால், நினைவில் பதிக்கும் ஆற்றல் குறைகிறது. பேச்சு புரியாதவர் விருந்து, கோயில், உறவினர் கூட்டம் ஆகியவற்றிலிருந்து ஒதுங்கித் தனிமையில் வாடுகிறார். அல்லது, முதுமையில் ஏற்படும் ஒரே பாதிப்பு புலன்களையும் மூளையையும் சேர்த்தே தாக்குகிறது.

சிகிச்சை உதவுமா?

கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியோரிடம் மறதி நோய் சுமார் 30 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது. 977 முதியோரிடம் காது கேட்கும் கருவியைச் சோதித்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே அபாயம் அதிகமுள்ள பிரிவினரிடம் சிந்தனைத் திறன் சரியும் வேகம் 48 விழுக்காடு குறைந்தது. 2024-இல் ‘லான்செட்’ ஆய்வுக்குழு வெளியிட்ட, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களின் பட்டியலில் செவித்திறன் குறைவும் சிகிச்சை பெறாத பார்வைக் குறைவும் இடம்பெற்றன.

காது மந்தமான எல்லாருக்கும் மறதி நோய் வருவதில்லை. கருவி பொருத்தினால் நோய் வராது என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று பெரியவர்களை ஒதுக்கிவிடக் கூடாது. முதலில் அவர்களுடைய காதையும் கண்ணையும் பரிசோதிக்க வேண்டும். முகம் பார்த்து நிதானமாகப் பேச வேண்டும். மறதி என்று வீட்டார் நினைப்பது சில வேளைகளில் காது கேளாமையாக மட்டுமே இருக்கலாம்.