ஒத்தக்கட்டை மொழி

எங்க கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் துணையில்லாத கிழவியை ‘ஒத்தக்கட்டை’ம்பாங்க. அந்தமானின் போவா சீனியருக்கு அந்தச் சொல் பொருந்தும்.

1858-இல் பிரிட்டிஷார் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை அமைத்தபோது, பெரிய அந்தமானியர் பத்துக் குழுக்களாக, ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தட்டம்மையும் மேகநோயும் வாரிக்கொண்டு போயின. 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர்.

பிறகு ஸ்ட்ரெயிட் தீவில் குடியேறி, வெளிமணங்களால் மெல்லப் பெருகினார்கள். பேச்சு இந்தியாகிவிட்டது. ‘போ’ மொழிக்குக் கடைசியில் போவா மட்டுமே. பேச ஆளின்றிப் பறவைகளோடு பேசுவாராம். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரிடம் சொற்களைப் பதிவுசெய்தார். 2004 சுனாமிக்குத் தப்பிய போவா, 2010 ஜனவரி 26 அன்று இறந்தார்.

தலை கூடினால் இனம் பிழைத்ததென்று எழுதிவிடுகிறோம். பத்தாயிரம் பேர் பேசாத மொழிக்கு 1971 முதல் நம் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர்கூடக் கிடையாது, ‘மற்றவை’தான்.