காப்பர் ஹார்பர் திரள்பாறை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் கீவினா தீபகற்பத்தின் கரையோரம் வெளித்தெரியும் செந்நிறப் படிவுப்பாறை இது. வயது ஏறத்தாழ 108 கோடி ஆண்டுகள். கொண்டுவந்து சேர்த்தவை ஆறுகள். சரக்கு பெரும்பாலும் எரிமலைகளுடையது.

சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் நடுவில் பிளக்கத் தொடங்கியது. வில்லாக வளைந்த அந்தப் பிளவு 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. அதன் வழியே பசால்ட் குழம்பு அடுக்கடுக்காகக் கொட்டியது. கண்டம் இரண்டாகி நடுவே கடல் புகுந்திருக்க வேண்டும். ஆனால் பிளவு பாதியில் நின்றுவிட்டது. ஆறிய குழம்பின் பாரத்தில் தரை அமிழ, பள்ளம் உண்டானது. சுற்றியிருந்த எரிமலை மேடுகளை அரித்த ஆறுகள் ரையோலைட், பசால்ட் கற்களை அதில் கொட்டின. சில இடங்களில் இந்த அடுக்கின் தடிமன் இரண்டு கிலோமீட்டரை எட்டுகிறது. அடியில் பெருங்கற்கள், மேலே போகப் போக மணல்.

நிலத்தில் அப்போது செடிகொடி கிடையாது. மண்ணைப் பிடித்து நிறுத்த வேர் இல்லாததால் ஆறுகள் கரை கட்டி ஓடாமல் பல கிளைகளாக அகன்று பரவின. எரிமலைத் துகள்களிலிருந்த இரும்பு துருவேறியதுதான் பாறையின் சிவப்பு. உயிர் அறவே இல்லாமலும் இல்லை: கூழாங்கற்களின் மேல் நுண்ணுயிர்கள் படலம் படலமாக வளர்ந்து விட்டுப்போன ஸ்ட்ரோமட்டோலைட்டுகளை ஹார்ஸ்ஷூ துறைமுகம் அருகே காணலாம். எரிமலைகளும் முற்றாக ஓயவில்லை. படிவுகளுக்கு இடையே சிக்கிய 'லேக் ஷோர்' குழம்பு அடுக்குகளைக் கொண்டே இந்தப் பாறையின் வயதைக் கணிக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தின் பெயரை உலகறியச் செய்தது செம்பு. பழங்குடியினர் பல ஆயிரம் ஆண்டுகளாக எடுத்துவந்த, உலோகமாகவே கிடைக்கும் தனிச் செம்பைப் பற்றி நிலவியலாளர் டக்ளஸ் ஹௌட்டன் 1841இல் அறிக்கை எழுதினார்; சில ஆண்டுகளிலேயே சுரங்கக்காரர்கள் குவிந்தார்கள். ஆனால் பெரும் புதையல் இந்தப் பாறையில் இல்லை. புகழ்பெற்ற கலுமெட் சுரங்கம் தோண்டியது, இதற்குக் கீழே எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவில் கிடந்த, இதைப் போன்றதொரு கூழாங்கல் அடுக்கை. அங்கே கற்களின் இடுக்குகளைச் செம்பே நிரப்பியிருந்தது.

காப்பர் ஹார்பர் அடுக்கின் பங்கு வேறு. செம்பு கரைந்த நீர் இதன் துளைகள் வழியே மேலேறி, மேலிருந்த நன்சச் களிப்பாறையில் தாமிர சல்பைடாகப் படிந்தது. அதை வெட்டிய ஒயிட் பைன் சுரங்கம் 1995 வரை இயங்கியது. அந்தக் களிப்பாறையிலிருந்து எண்ணெயும் கசிந்தது. உலகின் மிகப் பழைய கச்சா எண்ணெய்களில் அது ஒன்று.