ஸ்டுடியோ லென்ஸ் வானத்துக்குப் போன கதை

1871 டிசம்பர் 12 காலையில் நிலவின் நிழல் மேற்குக் கரையில் பேக்கல் கோட்டையைத் தொட்டு, நீலகிரி ஏறி இறங்கி, எங்கள் அன்னவாசலையும் புதுக்கோட்டையையும் மூடிவிட்டுக் கடல் தாண்டி யாழ்ப்பாணம் போயிற்று. முழுச் சூரிய கிரகணம். பொழுது விடிந்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் மறுபடி இருட்டு. ராமச்சந்திர தொண்டைமான் ஆண்ட காலம் அது.

அதைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வானியலாளர் நார்மன் லாக்கியர் தலைமையில் வந்த குழு பல ஊர்களுக்குப் பிரிந்து போனது. புதுக்கோட்டைக்கு வந்தவர்கள் ரோம் நகர வானியலாளர் லொரென்சோ ரெஸ்பிகியும், ஓவியர் ஹென்றி ஹாலிடேயும். ரெஸ்பிகி தொலைநோக்கியின் முன்கண்ணாடிக்கு முன்னால் ஒரு பட்டகத்தை நிறுத்தினார். சூரியனைச் சுற்றியிருக்கும் கரோனா அதன் வழியே சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ண வளையங்களாகப் பிரிந்து தெரிந்தது. ஹாலிடே தன் கண்ணுக்குத் தெரிந்ததை வரைந்தார்.

கேமரா மட்டும் வரவில்லை. பேக்கலில் எடுத்தார்கள், நீலகிரியின் தொட்டபெட்டாவில் எடுத்தார்கள், யாழ்ப்பாணத்தில் எடுத்தார்கள். அன்னவாசலில் ஸ்டுடியோ நடத்தும் எனக்கு இன்றைக்கும் ஆறாத குறை இது. 1858-லேயே கேப்டன் லின்னேயஸ் டிரைப் தன் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து திருமயத்தைப் படம் பிடித்துப் போயிருக்கிறார். கேமரா பார்க்காத மண் இல்லை இது.

பேக்கலிலும் தொட்டபெட்டாவிலும் வானத்தைப் பார்த்து நின்ற லென்ஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அது வானியலாளருக்காகச் செய்த லென்ஸே அல்ல. லண்டன் டால்மேயர் கம்பெனி 1866-இல் கொண்டுவந்த 'ராபிட் ரெக்டிலினியர்'. கட்டடத்தின் நேர்கோடு வளையாமல், குழுப் படத்தில் ஓரத்து ஆளின் முகம் இழுபடாமல் எடுக்க ஸ்டுடியோக்காரர்கள் வாங்கிய சரக்கு. முன்பக்கம் ஒரு ஜோடி, பின்பக்கம் ஒரு ஜோடி என ஒட்டிய கண்ணாடிகள், நடுவில் துவாரம், சுற்றிலும் பித்தளைக் குழல்.

அதை வானத்துக்குத் திருப்பிய யோசனை ஆல்ஃபிரட் பிரதர்ஸுடையது. மான்செஸ்டரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். 1870 டிசம்பர் 22 கிரகணத்துக்குச் சிசிலித் தீவின் சிராக்கூஸுக்குப் போனபோது 4 அங்குல விட்டமும் 30 அங்குலக் குவியத்தூரமும் கொண்ட டால்மேயர் லென்ஸைக் கொண்டுபோனார். அதற்கு முன் சூரியனைப் பெரிதாகக் காட்டும் கருவிகளைத்தான் பெரும்பாலும் நம்பினார்கள். படம் பெரிதாகும்போது அதே ஒளி பரந்து மெலிந்துவிடும். கரோனாவின் மொத்த ஒளியே ஏறக்குறைய முழுநிலா அளவுதான். விட்டத்தை அப்படியே வைத்துக் குவியத்தூரத்தைப் பாதியாக்கினால், தகட்டில் விழும் ஒளி நாலு மடங்கு அடர்த்தியாகும். பிரதர்ஸ் எடுத்த படத்தில் கரோனா அதுவரை எந்தத் தகட்டிலும் பதியாத தூரத்துக்கு விரிந்து கிடந்தது. மறுவருடம் பேக்கலுக்குப் படமெடுக்கப் போன டேவிஸும் அதே வகை லென்ஸைத்தான் எடுத்துப்போனார். தகட்டில் சூரியன் கொண்டைக்கடலை அளவுதான் இருந்திருக்கும். சிறிதாக விழுந்ததால்தான் பதிந்தது.

அந்தத் தகடுகளைத் தயாரிப்பதே பெரிய வேலை. கண்ணாடியில் கொலோடியனை ஊற்றி நாலு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தை ஒரு மூலையால் வடித்து, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன் எடுத்து, உடனே இரும்பு சல்பேட்டில் கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலில் எவ்வளவு சீக்கிரம் காயும்! இரண்டு நிமிட இருட்டுக்காக அதைத் தகடு தகடாகச் செய்த கைகளை நினைத்தால் தொழில்காரன் என்ற முறையில் கும்பிடத் தோன்றுகிறது.

இரவு வானத்துக்கும் வழி திறந்தது ஸ்டுடியோவிலிருந்துதான். 1882-இல் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று வந்தபோது, தென்னாப்பிரிக்காவின் கேப் வான்காட்சியகத்தில் இருந்த டேவிட் கில் உள்ளூர்ப் படக்காரர் ஒருவரின் கேமராவைத் தொலைநோக்கியின் முதுகில் கட்டிப் படம் எடுத்தார். வால்நட்சத்திரத்தோடு பின்னணி நட்சத்திரங்களும் கூட்டமாகப் பதிந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் தென்வானம் முழுவதையும் தகடுகளில் எடுக்க முனைந்தார். அப்போது அவர் பூட்டியது 6 அங்குல டால்மேயர் ராபிட் ரெக்டிலினியர். அந்தத் தகடுகளிலிருந்து தொகுத்த பட்டியலில் ஏறிய நட்சத்திரங்கள் 4,54,875.

கடைக்கு வரும் பையன்கள், "அண்ணே, நட்சத்திரம் எடுக்க எவ்வளவு ஜூம் வேணும்?" என்று கேட்கும்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். ஜூம் வேண்டாம் தம்பி, துவாரம் வேண்டும். நட்சத்திரம் வெறும் புள்ளி. லென்ஸின் துவாரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதே அதற்குக் கணக்கு. கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 18-இல் முழுக்கத் திறந்தாலும் துவாரம் சுமார் 5 மில்லிமீட்டர்தான், 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸில் 28. ஆனால் முழுக்கத் திறந்தால் மூலையில் இருக்கும் நட்சத்திரங்களுக்கு இறக்கை முளைக்கும். எஃப் 2.8-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் கேமரா என்றால் 50 எம்.எம்.மில் 10 விநாடி, 24 எம்.எம்.மில் 20 விநாடி. அதற்கு மேல் பூமி சுழல்வது கோடாக விழும்.

நீண்ட லென்ஸுக்கும் வேளை வரும். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் ஏறக்குறைய அந்தப் பழைய வழியிலேயே, காசர்கோடு, நீலகிரி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் என்று வந்தது. ஒளிக்குப் பஞ்சமில்லாத நெருப்பு வளையம் அது. ஃபில்டர் போட்டு 300 எம்.எம்.மில் எடுத்தேன்.

புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளிலும் மூடிப்போன ஸ்டுடியோக்களிலும் பித்தளைக் குழல் லென்ஸுகள் இன்னும் கிடக்கின்றன. எடைக்குப் பித்தளை என்று பாத்திரக்கடையில் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். குழலின் விளிம்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செய்தவர் பெயரும் எண்ணும் வெட்டியிருக்கும். அன்னவாசலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மரப்பெட்டியில் பூட்டி, நிலவில்லாத இரவில் சித்தன்னவாசல் பக்கம் வானத்துக்குத் திருப்பி, அந்த லென்ஸ் என்ன காட்டுகிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.